யாரும் எறியாத கல்

யுத்தம் ஆரம்பிப்பதற்கு ஒன்றிரண்டு வருஷங்களுக்கு முந்தி, ஒரு ஆடி மாதம், தென்காசியில் என் மாமனார் வீட்டில் நடந்தது இது. எனக்குக் கல்யாணமாகிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. சொந்த ஊர் வாசுதேவநல்லூர். போலீஸ் ஆளெடுப்பில் உயரமும் மார்பளவும் பார்த்து என்னைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். பாக்கி இருந்தது ஒரு மைல் ஓட்டம் மட்டும். அது புரட்டாசியில் பாளையங்கோட்டையில் நடக்கும் என்று சொல்லியனுப்பியிருந்தார்கள். ஓட்டமா, எனக்கா என்று நான் மிதப்பில் இருந்தேன். எங்கள் ஊரில் என்னைத் துரத்திப் பிடித்தவன் ஒருவனும் கிடையாது. அந்த வேலையை நம்பித்தான் மாமனார் எனக்குப் பெண்ணையே கொடுத்திருந்தார். பாக்கு வைத்து அழைத்த வீட்டில் எல்லாம் "மாப்ள போலீசு" என்று சொல்லியும் விட்டார். வேலை கிடைக்காவிட்டால் எனக்கு மட்டுமல்ல, அவருக்கும் தலை நிமிர முடியாது.

எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆடி பிறந்தால் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போய்விடுவார்கள். மாப்பிள்ளையை ஒரு நாள் வரவழைத்து, வேட்டி துண்டு கொடுத்து, வயிறு முட்டச் சாப்பாடு போட்டு, அன்றைக்கே வண்டியேற்றி விடுவார்கள். அந்த மாதம் முடிகிற வரைக்கும் புருஷனும் பெண்சாதியும் சேர்ந்திருக்கக் கூடாது. அதனால் மாமியார் பரிமாறினாளே தவிர, என் மனைவியை நான் பார்த்தது அடுக்களைக் கதவிடுக்கில் தெரிந்த சேலைத் தலைப்போடு சரி.

சாப்பிட்டு முடித்துத் தாம்பூலம் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் இருந்த களத்தில் நின்றோம். சாரல் பூப்போலத் தூவிக்கொண்டிருந்தது. காலையிலிருந்து வண்டியில் மடக்கி உட்கார்ந்த கால்கள் அந்தக் குளிரில் மரத்துக் கிடந்தன. என் மச்சினன் என் வயசுக்காரன், வயல்வேலை செய்கிறவன், வாய்த்துடுக்கு உள்ளவன். அவன் சும்மா இருக்கவில்லை.

"அத்தான், போலீசுக்காரவுக திருடனைப் பிடிக்கணும்லா? எங்க, என்னைப் பிடிங்க பாப்பம்!" என்று சொல்லிவிட்டு வாய்க்காலைப் பார்த்து ஓட்டம் பிடித்தான்.

விடுவேனா நான்? புதுவேட்டியைத் தார்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு துரத்தினேன். பாதித் தடத்திலேயே அவன் முதுகு கைக்கு எட்டுகிற தூரத்துக்கு வந்துவிட்டது. இன்னும் ஒரே எட்டுதான் என்று இடது காலை நீட்டிப் பாய்ந்தேன். சுளீர் என்றது! பின்தொடையில் யாரோ கூழாங்கல்லைக் குறிபார்த்து எறிந்த மாதிரி. எனக்கு வந்ததே கோபம்! ஒற்றைக்காலில் நின்றபடியே திரும்பி, "எவம்லே கல்லைக் கொண்டு எறிஞ்சவன்?" என்று கத்தினேன்.

பின்னால் நின்றவர் என் மாமனார். ஒரு கையில் வெற்றிலையும் ஒரு கையில் சுண்ணாம்புமாக வாயைத் திறந்தபடி நின்றார். அவரைத் தவிர அந்தக் களத்தில் ஒரு ஈ காக்கை இல்லை. மானம் போனது ஒரு பக்கம், வலி ஒரு பக்கம். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அதற்கப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. ஊரான் ஒருவனுக்கு அடிபட்டிருந்தால் ஓரமாகப் படுக்கப் போட்டிருப்பார்கள். நானோ தலை ஆடிக்கு வந்த மாப்பிள்ளை. மாப்பிள்ளைக்கு வலிக்கிறது என்றால் வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் ஏதாவது செய்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் மரியாதைக் குறைச்சல். மாமனாரின் தம்பி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார். "ஒண்ணுமில்ல மாப்ள, நரம்பு ஏறிக்கிட்டு. இழுத்து விட்டா எறங்கிரும்" என்றார். குப்புறப் படுக்கப் போட்டு, எண்ணெயைக் காய்ச்சி ஊற்றி, இரண்டு கட்டைவிரலாலும் பின்தொடையை வழித்தார் பாருங்கள், கண்ணில் பூச்சி பறந்தது. அதோடு விட்டாரா? மல்லாக்கத் திருப்பிக் குதிகாலைப் பிடித்து, காலை மடக்காமல் வானத்தைப் பார்க்க இழுத்தார். மாமனார் வீட்டில் போலீஸ்காரன் வாய்விட்டு அழ முடியுமா? துண்டைக் கடித்துக்கொண்டு கிடந்தேன்.

அன்று நான் ஊருக்குத் திரும்பவில்லை. வண்டியில் ஏறிக் காலைத் தொங்கப்போட முடியவில்லை. வீட்டுக்குள் தங்க வைத்தால் ஆடிக்கு ஆகாது என்று, மாட்டுத் தொழுவத்தை ஒட்டிய வண்டிக் கொட்டகையில் எனக்குக் கட்டில் போட்டார்கள். பக்கத்தில் மாமனாரின் செல்லக் காளை, மயிலை நிறம். அது என்னைப் பார்த்து அசைபோட்டுக்கொண்டிருந்தது.

விடிந்ததும் என்னைக் குற்றாலத்துக்குக் கிளப்பினார்கள். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அருவி என்றால் பெரிய டாக்டர் மாதிரி. இடுப்புப் பிடிப்பா, கழுத்து வலியா, பித்தமா, அருவியில் கொண்டுபோய்க் காட்டு என்பார்கள். சீசன் நேரம், பெரிய அருவியில் கூட்டம் நெரிந்தது. மச்சினன் ஒரு தோளையும் சின்ன மாமனார் ஒரு தோளையும் தாங்கிக்கொள்ள, பின்தொடையைத் தண்ணீருக்குக் காட்டினேன். அவ்வளவு உயரத்திலிருந்து விழுகிற தண்ணீர் அந்த இடத்தில் ஓங்கி அறைந்தது. முதல் நாள் கடித்த துண்டு இப்போது கையில் இல்லை. நான் போட்ட கூச்சலில் அருவிச் சத்தமே அடங்கிவிட்டது என்று மச்சினன் இன்றைக்கும் சொல்லுவான்.

பக்கத்தில் குளித்துக்கொண்டிருந்த ஒருவர் சட்டென்று என் கையைப் பிடித்து வெளியே இழுத்தார். நல்ல பருமன், உடம்பெல்லாம் எண்ணெய், இடுப்பில் ஈரத்துண்டு. பேச்சைக் கேட்டால் தஞ்சாவூர்ப் பக்கம் என்று தெரிந்தது.

"யாருங்க இவரைத் தண்ணிக்கடியில நிறுத்தினது? முதல்ல உட்காருங்க" என்றவர், என்னைப் பாறையில் குப்புறப் படுக்கச் சொன்னார். அப்போதுதான் நாங்களே கவனித்தோம், தொடையின் பின்பக்கம் நாவல்பழம் நசுங்கின மாதிரி நீலம் பாரித்திருந்தது. குதிகால்மேல் தன் கையை வைத்து, முழங்காலை மடக்கச் சொன்னார். வலித்தது, ஆனாலும் கொஞ்சம் மடக்கினேன். "மடங்குது. முழுசா அறுந்து போகலை. தப்பிச்சீங்க" என்றார்.

நடந்ததை எல்லாம் கேட்டுக்கொண்டார். கல் எறிந்த கதையைச் சொன்னதும் சிரித்துவிட்டார். "எல்லாரும் திரும்பித்தான் பார்ப்பாங்க. ஆனா அங்கே யாரும் இருக்க மாட்டாங்க" என்றார். பிறகு எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். பின்தொடையில் மூன்று சதைகள் இருக்கின்றன. நாம் உட்காரும்போது தரையில் படுகிற எலும்பில் தொடங்கி, தொடை நெடுகப் போய், முழங்காலுக்குக் கீழே இரண்டு பக்கமும் பிரிந்து ஒட்டிக்கொள்கின்றன. முழங்காலை மடக்கி அதன் பின்பக்கம் தொட்டுப் பார்த்தால், இரண்டு ஓரத்திலும் கயிறு மாதிரி விறைப்பாகத் தட்டுப்படும். அவைதான் அந்தச் சதைகளின் வால். நான் தொட்டுப் பார்த்தேன், இத்தனை வருஷமாக என் உடம்பிலேயே இருந்தும் எனக்குத் தெரியவில்லையே என்று ஆச்சரியமாக இருந்தது. முழங்காலை மடக்குவதும் தொடையைப் பின்னால் தள்ளுவதும் அவற்றின் வேலை. ஓடும்போது இன்னொரு வேலையும் உண்டு. முன்னால் பாய்கிற காலை இழுத்து நிறுத்துவதும் அவைதான்.

"பாயுற காளையை மூக்கணாங்கயிறு இழுத்துப் பிடிக்கிற மாதிரின்னு வச்சுக்குங்க. காளை திடீர்னு பாஞ்சா கயித்துல புரி விட்டுப் போயிடும்ல? உங்களுக்கு அப்படித்தான் சில புரி விட்டுப் போச்சு. குளிர்ந்து கிடந்த சதை, சாப்பிட்ட வயிறு, எடுத்த எடுப்பிலே பாய்ச்சல். வேறென்ன ஆகும்? அதைப் போய்த் தேய்ச்சு, இழுத்து, அருவியில அடிக்க விட்டிருக்கீங்க. ஒட்டப் பார்க்கிற புரியை எல்லாம் மறுபடியும் பிச்சுப் போட்டாச்சு."

"புரட்டாசியிலே ஒரு மைல் ஓடணுங்க. முடியுமா?" என்று கேட்டேன்.

"இன்னையிலேருந்து அந்தக் காலை யாரும் தொடாம இருந்தா முடியும். இன்னும் ரெண்டு நாள் இப்படித் தேய்ச்சா, ஓட்டத்தை மறந்துடுங்க" என்றார். அதோடு, ரத்தம் கசிந்து நாளைக்கு நீலம் முழங்காலுக்கு இறங்கும், அதைப் பார்த்துப் பயப்படக் கூடாது என்றும் சொன்னார்.

"டாக்டருக்கு எந்த ஆஸ்பத்திரிங்க?" என்று மச்சினன் பவ்வியமாகக் கேட்டான்.

"மாட்டாஸ்பத்திரி" என்றார் அவர், துண்டைப் பிழிந்துகொண்டே.

வண்டியில் வீடு வந்து சேர்ந்தோம். வீட்டுக்குள் நுழைந்ததும் சின்ன மாமனார் பொரிந்து தள்ளிவிட்டார். "மாட்டு டாக்டரு வந்து நம்ம மாப்ளைக்கு வைத்தியம் சொல்லுதான்! வெளிய தெரிஞ்சா சிரிப்பானுவ!" மாமனாருக்கும் அது தைத்திருக்க வேண்டும். மறுநாள் டாக்டர் சொன்னபடியே நீலம் முழங்கால் மடிப்புக்கு இறங்கியிருந்தது. பார்த்த மாமியார், "ஐயையோ, விஷம்லா எறங்குது!" என்று நெஞ்சில் கைவைத்தாள். மிளகாயும் உப்பும் சுற்றிப் போட ஏற்பாடு நடந்தது. சின்ன மாமனார் மறுபடியும் எண்ணெய் காய்ச்சிக்கொண்டு கொட்டகைக்கு வந்தார், மாமனாரும் கூடவே வந்து நின்றார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. பெண் கொடுத்த வீட்டுப் பெரியவர், அக்கறையாக எண்ணெய்க் கிண்ணத்தோடு நிற்கிறார், எப்படிச் சொல்வது? பேசாமல் குப்புறப் படுத்தேன். புரட்டாசி போச்சு என்று மனசுக்குள் அழுதேன் என்பதுதான் நிஜம்.

அப்போது வளையல் சத்தம் கேட்டது. என் மனைவி தொழுவத்து வாசலில், வைக்கோல் கட்டோடு வந்து நின்றாள். என்னைப் பார்க்கவில்லை. தன் அப்பாவைத்தான் பார்த்தாள்.

"ஐயா, போன வருசம் நம்ம மயிலை தொளி உழவுல சேத்துல சறுக்கித் தொடை பிடிச்சிக்கிட்டுல்லா, அப்ப சித்தப்பாவ அது கிட்ட அண்ட விட்டீகளா? தேய்க்கப் போன சித்தப்பாவ வெரட்டி விட்டீகள்லா?"

மாமனார் திகைத்துப் போனார். "ஏட்டி, காளையும் மாப்ளையும் ஒண்ணா?"

"ஒண்ணு இல்லதான். காளைக்கு ஒண்ணுன்னா உங்களுக்கு நட்டம். இவுகளுக்கு ஒண்ணுன்னா எனக்குல்லா நட்டம்?"

சொல்லிவிட்டு வைக்கோலைக் காளைக்கு முன்னால் போட்டுவிட்டு விறுவிறுவென்று உள்ளே போய்விட்டாள். பெரியவர்கள் முன்னால் அவள் அவ்வளவு பேசி யாரும் கேட்டதில்லையாம். மாமனார் என் காலைப் பார்த்தார், மயிலையைப் பார்த்தார். பிறகு தம்பியின் கையிலிருந்த எண்ணெய்க் கிண்ணத்தை வாங்கிக் கீழே வைத்தார். "இனிமே மாப்ள காலை ஒருத்தனும் தொடப்படாது" என்றார். அந்த நிமிஷம் எனக்கு என் பெண்சாதிமேல் வந்த பிரியம் இருக்கிறதே, அதை எழுதத் தெரியவில்லை.

மச்சினனைக் குற்றாலத்துக்கு அனுப்பி அந்த டாக்டரையே அழைத்து வரச் சொன்னார் மாமனார். அவர் ஜட்கா பிடித்து வந்தார். சீசன் முடிந்து ஊருக்குப் போகிற வரைக்கும் அவ்வப்போது எட்டிப் பார்த்தார். ஒரு சல்லிக் காசு வாங்கவில்லை. ஒரு செம்பு மோர், ஒரு பலாப்பழம், அவ்வளவுதான். மாமனார் சாமர்த்தியக்காரர், என் காலைக் காட்டிய கையோடு தொழுவத்து மாடுகள் அத்தனையையும் காட்டிவிடுவார். டாக்டர் என்னைத் தடவிப் பார்த்துவிட்டு அதே முகபாவத்தோடு மயிலையையும் தடவிப் பார்ப்பார்.

முதலில் சில நாள் படுக்கை, ஈரத்துணி, மேலே இறுக்கமில்லாமல் ஒரு கட்டு. அப்புறம் வலிக்காத அளவுக்கு நடை. அப்புறம் குப்புறப் படுத்து, கணுக்காலில் சின்ன நெல்முடிப்பைக் கட்டிக்கொண்டு முழங்காலை மெதுவாக மடக்கி மெதுவாக இறக்க வேண்டும். இறக்குவதுதான் முக்கியம் என்றார். காலை இழுத்துப் பிடித்து நிறுத்துகிற பழக்கம் அந்தச் சதைக்குத் திரும்பி வர வேண்டுமாம். போகிற அன்று ஒன்று சொன்னார்: "வலி முதல்ல போயிடும், பலம் அப்புறந்தான் வரும். நடுவுல ஓடிப் பார்க்கிற ஆளுதான் திரும்பவும் என்கிட்ட வர்றது." ஆளு என்றது மாட்டையா மனிதனையா என்று நான் கேட்கவில்லை.

அந்த ஆடி மாதத்தை நான் மறக்கவே முடியாது. ஒரே வளாகத்தில் இருந்தோம், ஆனால் அவள் என்னிடம் பேசக் கூடாது. பெண்ணுக்கா வழி தெரியாது? ஒரு நாளைக்கு இத்தனை தடவை வைக்கோல் போடுவார்களா என்று காளையே குழம்பிப் போயிருக்கும். வந்து நின்று அதன் நெற்றியைச் சொறிந்துகொண்டே, "மயில, சும்மா படுத்துக் கெடக்கணும் கேட்டியா? நேத்து எந்திரிச்சுக் கொல்லைக்கு நடந்தியாமே? காலை ஒடிச்சுப் போட்டுருவேன்" என்பாள். நானும் காளையைப் பார்த்து, "மயில, நேத்து ரசத்துல உப்பு கம்மி" என்பேன். "மாட்டுக்கு என்னத்துக்கு ரசம்?" என்று அவளிடமிருந்து பதில் வரும். மச்சினன் வாசலில் நின்று இருமுவான். கட்டுவதற்கு அவளுடைய பழைய சேலையைக் கிழித்துத் தண்ணீரில் நனைத்து மச்சினன் கையில் கொடுத்தனுப்புவாள். காலில் சுற்றினால் மஞ்சள் வாசனை வரும்.

ஆடி போய் ஆவணி வந்தது. அவளை அழைத்துக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டேன். வலி சுத்தமாக இல்லை. அவ்வளவுதான், எனக்குப் பழைய மிதப்பு வந்துவிட்டது. ஒரு நாள் காலையில் ஓடக் கிளம்பினேன். அவள் வாசலை மறித்துக்கொண்டு முற்றத்தில் கரித்துண்டால் பாண்டிக் கட்டம் போட்டாள். சின்னப் பெண்கள் சில்லு எறிந்து நொண்டி ஆடுகிற அதே கட்டம்தான்.

"இடது காலாலேயே நொண்டி அடிச்சு அந்தக் கடைசி வரைக்கும் போயிட்டு வாங்க. அப்புறம் எங்க வேணும்னாலும் ஓடுங்க" என்றாள்.

ப்பூ, இதுதானா என்று குதித்தேன். நடுக்கட்டத்திலேயே கால் வெலவெலத்துக் கையை ஊன்றிவிட்டேன். வலி இல்லை, பலமும் இல்லை. டாக்டர் சொன்னது அப்போதுதான் உறைத்தது. அவள் சேலையைச் சொருகிக்கொண்டு ஒற்றைக்காலில் போய்த் திரும்பி வந்து காட்டினாள். தினமும் பாண்டி ஆடினோம். மீசை வைத்த ஆம்பிளை முற்றத்தில் நொண்டி அடிக்கிறான் என்று தெருவே வந்து பார்த்தது. பார்க்கட்டுமே! கடைசிக் கட்டம் போய்த் திரும்பிய அன்றைக்குத்தான் ஓட அனுமதி கிடைத்தது. அதுவும் மெள்ள.

புரட்டாசியில் பாளையங்கோட்டை மைதானத்துக்கு அவள் வரவில்லை, அந்தக் காலத்தில் எங்கே வர? ஓடுவதற்கு முன்னால் உடம்பு சூடாகிற வரைக்கும் மைதானத்தைச் சுற்றி நடந்தேன். சீட்டி ஊதியதும் எல்லாரும் அம்பு மாதிரிப் பறந்தார்கள். எனக்கும் பறக்கத்தான் ஆசை. பல்லைக் கடித்துக்கொண்டு நிதானமாகவே ஓடினேன். பிறகு ஒவ்வொருவராகத் தாண்டினேன். தொடை ஒரு வார்த்தை முணங்கவில்லை.

கடைசி வளைவில் எனக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்த ஓர் ஆள் திடீரென்று துள்ளி நின்றார். பின்தொடையைப் பிடித்துக்கொண்டு, முகம் சிவக்க என் பக்கம் திரும்பி, "எவம்லே கல்லை எறிஞ்சவன்?" என்று கத்தினார். அவரைத் தாண்டித்தான் ஓடினேன், ஓட்டத்தை முடித்தேன், தேறினேன். பெயரைப் பதிந்துகொண்டார்கள். ஆனால் அந்தச் சந்தோஷத்தை அனுபவிக்க எனக்குப் பொறுமை இல்லை. திரும்பி ஓடினேன். அவருடைய அண்ணன் அதற்குள் அவரை மரத்தடியில் குப்புறப் போட்டு, கையில் எண்ணெயை ஊற்றிக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, தேய்க்காதீக! கையை எடுங்க!" என்று கத்தினேன்.

"நீரு என்ன வைத்தியரா?" என்று அவர் முறைத்தார்.

"இல்ல அண்ணாச்சி. மாட்டு டாக்டர்கிட்ட வைத்தியம் பாத்தவன்" என்றேன். வலியிலும் அந்த ஆள் சிரித்துவிட்டார். உட்கார்ந்து, டாக்டர் எனக்குச் சொன்னதை எல்லாம் அவருக்குச் சொன்னேன். முழங்காலுக்குப் பின்னால் இருக்கிற அந்த இரண்டு கயிறுகளையும் அவரையே தொட்டுப் பார்க்கச் சொன்னேன். அண்ணன் எண்ணெய்ச் சீசாவை மூடி மடியில் கட்டிக்கொண்டார். அதற்கப்புறம் அடிபட்ட அந்த ஆள் என்ன ஆனார் என்று எனக்குத் தெரியாது.

சர்வீஸ் முழுக்க அந்தக் காலோடுதான் ஓடினேன், திருடனைப் பிடித்ததும் உண்டு, விட்டதும் உண்டு. அந்த இடத்தில் இன்றைக்கும் விரல்நுனி பதிகிற அளவுக்கு ஒரு சின்னப் பள்ளம் இருக்கிறது. என்மேல் அக்கறை உள்ளவர்கள் எத்தனையோ பேர் அன்றைக்கு என் காலைத் தொட்டார்கள், ஆனால் என்னைத் தொடக்கூடாத அந்த மாதத்தில் தொழுவத்து வாசலில் நின்று அத்தனை கைகளையும் விலக்கிவிட்டவள்தான் என்னை ஓட வைத்தாள் என்று, அந்தப் பள்ளத்தில் கை படும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.